கைக்கு ஒத்துவராத கிடார்

பேஸ் கிடார் வாங்க வருகிறவர்கள் கடையில் வாசித்துக் காட்டுவதில் பாதி பொய் என்பது ஜென்சியின் அனுபவம். சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் அவளுடைய இசைக்கருவிக் கடை. கல்லூரி மாணவன் கேஷவ் புதன்கிழமை அங்கே போய், இருப்பதிலேயே விலை குறைந்த கறுப்பு பேஸ் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டான். யூடியூபில் பார்த்த எதையோ நினைத்துக் கட்டைவிரலால் கம்பிகளை அடித்தான். கீழே பல் குடையும் சத்தம் சற்று நின்றது.

"தம்பி, நீ வாசிக்க ஆசைப்படறத வாசிக்காத. வாசிக்கறத வாசி" என்றாள் ஜென்சி.

கேஷவுக்குத் தெரிந்தது மொத்தம் மூன்று பாட்டு. அதில் ஒன்றில் கடைசி வரை ஒரே சுரம்தான். அதை வாசித்தான்.

"இப்ப எழுந்து நில்லு. ஸ்ட்ராப்ப தோள்ல மாட்டு. ரெண்டு கையையும் எடுத்துடு."

எடுத்தான். கிடார் நேராக நின்றது.

"பாத்தியா, தலை தொங்கல. விலை கம்மியானதுல முக்காவாசி தொங்கும். அப்புறம் உன் இடது கை எங்க வாசிக்கும்? தூக்கிப் பிடிச்சிக்கிட்டே இருக்கும்." பிறகு சுண்டுவிரல் எட்டுகிறதா என்று பார்த்தாள். ஒவ்வொரு கம்பியையும் மேலிருந்து கீழ்வரை அழுத்தச் சொல்லி, எங்காவது கம்பி உரசிக் கரகரக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கும். வீட்ல வச்சு வாசிச்சாத்தான் தெரியும். பணத்தைக் கட்டிட்டு ஒரு வாரம் எடுத்துட்டுப் போ. கைக்கு ஒத்துவரலன்னா கொண்டாந்து குடு, முழுசா திருப்பித் தரேன். கீறல் மட்டும் இருக்கக் கூடாது."

கேஷவ் அந்தக் கடையைத் தேர்ந்தெடுத்ததே இந்த ஒரு வாரத்துக்காகத்தான். சனிக்கிழமை காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கல்ச்சுரல்ஸ். இதுவரை பேஸ் இரவல் கொடுத்துவந்த சீனியர், வேலை கிடைத்து பேஸோடு பெங்களூருக்குப் போய்விட்டார். கேட்டதும் அம்மா பணம் கொடுத்தாள். சனிக்கிழமை வாசிப்பது; திங்கட்கிழமை "கைக்கு ஒத்துவரல" என்று திருப்பிக் கொடுப்பது; வருகிற பணத்தில் வகுப்போடு பாண்டிச்சேரி போவது. இதைத் திருட்டு என்று சொல்லிவிட முடியாது. திருடர்கள் போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போவதில்லை.

அந்த வாரம் அவன் அந்த கிடாரைப் பார்த்துக்கொண்டதுபோல் தன் செமஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அரியர் இருந்திருக்காது. முன்பக்கத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கவில்லை. பெல்ட் பக்கிள் பட்டுப் பின்பக்கம் கீறிவிடும் என்று, மேடைக்குப் போகும்போது இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டான்.

"இன்னா மச்சான் இது? கச்சேரிக்கு வந்தியா, குளிக்கப் போறியா?" என்றான் ஆல்வின். அவன் டிரம்ஸ்.

"வேர்க்குதுடா."

"வேர்த்தா மூஞ்சிலதான தொடைப்பாங்க. நீ இன்னா வயித்துல கட்டிகினு கீற?"

கம்பி தேய்ந்தால் தெரிந்துவிடுமே என்று கேஷவ் அன்று அடிக்கவில்லை. விரல் நுனியால் வருடினான். மூன்று வருடமாக அவனுடைய பேஸில் வராமலிருந்த ஒன்று அன்று வந்தது. அதற்கு இசை என்று பெயர்.

இறங்கியதும் ஆல்வின் அவனை உற்றுப் பார்த்தான். "மச்சான், இன்னிக்கி பேஸ் கேக்குதுடா."

"எப்பவும் கேக்கும்."

"இல்லடா, நல்லா கேக்குது. அதான் பேஜாரா கீது."

ரயிலில் திரும்பும்போது கேஷவ் கிடார்ப் பையை மேலே வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தான். கீறல் விழாமல் இருக்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வீட்டுக்கு வந்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை. ஞாயிறு மத்தியானம் வரை நிம்மதியாகத் தூங்கினான். திங்கட்கிழமை பையின் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி, பிளாஸ்டிக் தாள் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினான்.

"ஒத்துவரலக்கா" என்றான்.

"என்ன பண்ணுது?"

இணையத்தில் நாலு விமர்சனம் படித்துத் தயாராக வந்திருந்தான். "தலை தொங்குது. கழுத்து அகலம். அப்புறம், என் ஸ்டைலுக்கு செட் ஆகல."

கடைசியாகச் சொன்னது அவனுக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஜென்சி சிரிக்கவில்லை. "மாட்டிக்கிட்டு நில்லு, பாப்போம். கையை எடு."

எடுத்தான். கிடார் புதன்கிழமை நின்றதுபோலவே நேராக நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொங்கட்டும் என்று கேஷவ் மனதுக்குள் வேண்டிக்கொண்டான். தொங்கவில்லை.

"வீட்ல தொங்குச்சுக்கா."

"சரிப்பா. கழுத்து ஸ்க்ரூ லூசா இருக்கும். நான்தான் சரியா பாக்காம குடுத்துட்டேன் போல, சாரி" என்று ஜென்சி ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். அந்த 'சாரி' கேஷவுக்கு எங்கேயோ குத்தியது. பணம் கைக்கு வந்ததும் சரியாகிவிடும் என்று நினைத்தான்.

அவள் கிடாரைக் குப்புறப் போட்டாள். உடம்பும் கழுத்தும் சேரும் இடத்தில் நாலு ஸ்க்ரூ போட்ட சின்ன எவர்சில்வர் தகடு ஒன்று உண்டு. அதில் புள்ளி புள்ளியாக, டம்ளரிலும் குடத்திலும் இருப்பதுபோல், வெட்டியிருந்தது:

சி. கேஷவுக்கு
அம்மா ஆசியுடன்

ஜென்சி வாய்விட்டுப் படித்தாள். பிறகு விரலால் தடவினாள். "இது சேட்டு பாத்திரக்கடை மிஷின். எங்க வீட்டுக் குடத்துலயும் இதே கோணல் 'ஷ'தான். எங்க அத்தை பேரு ரோஷ்லின்."

கேஷவுக்குக் காது சுட்டது. "அம்மா தெரியாம பண்ணிட்டாங்கக்கா" என்றான். சொன்ன பிறகுதான், அம்மாவுக்கு என்ன தெரியாது என்பது அவனுக்கு உறைத்தது.

"அதனால என்ன, தகடுதானே. என்கிட்ட வேற கிடக்குது, மாத்திக்கிறேன். இத கழட்டித் தரேன், நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

"கீறல் இருக்கக் கூடாதுன்னீங்களே?"

"அம்மா ஆசையா உன் பேரு வெட்டினத போய்க் கீறல்னு சொல்ல முடியுமா?"

முதல் ஸ்க்ரூ கழன்று மேஜையில் உருண்டது. இன்னும் மூன்று. அதற்குப் பிறகு அந்தத் தகடு அவன் கையில் இருக்கும். அதை வீட்டில் எங்கே வைப்பது, அம்மா கேட்டால் மீதி கிடார் எங்கே என்று சொல்வது? இரண்டாவது ஸ்க்ரூவும் அசைந்தது.

"வேணாம்கா."

"ஏன்? கைக்கு ஒத்துவரலன்னியே."

"ஒத்துவருது."

"எப்பலேர்ந்து?"

கேஷவ் தரையைப் பார்த்தான். "சனிக்கிழமைலேர்ந்து."

ஜென்சி இரண்டு ஸ்க்ரூவையும் திரும்ப முடுக்கினாள். அவசரப்படவில்லை. "உங்க ஆல்வின் என்கிட்டதான் டிரம்ஸ் குச்சி வாங்குவான். வீடியோ அனுப்பியிருந்தான். துண்டு கட்டிக்கிட்டு நின்னியே."

கேஷவின் கை தானாக இடுப்புக்குப் போனது.

"அந்தத் துண்டு எதுக்குன்னு எனக்குத் தெரியும்பா. துண்டு கட்டினதுல நீ மூணாவது ஆளு. மத்த ரெண்டு பேருக்கும் திருப்பிக் குடுத்துட்டேன். உனக்கும் குடுத்திருப்பேன்." கிடாரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "ஆனா அவனுங்க நல்லா வாசிக்கல."

திட்டியிருந்தால் சமாளித்திருக்கலாம். படி இறங்கும்போது பல் டாக்டரின் வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் கேஷவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப வலியா தம்பி?" என்று கேட்டார்.

வீட்டில் அம்மா அபிதகுஜாம்பாள் பள்ளிக்கூட வேலையிலிருந்து வந்து காபி போட்டுக்கொண்டிருந்தாள். தோளில் பையைப் பார்த்ததும், "பேரைப் பாத்தியோ?" என்றாள்.

"பாத்தேம்மா."

"ஞாயித்துக்கிழமை நீ தூங்கறச்சே ஆட்டோல தூக்கிண்டு போனேன். சேட்டு மொதல்ல மாட்டேன்னுட்டான், இது பாத்திரமே இல்லைங்கறான். ஒரு டம்ளரும் வாங்கினேன், அப்புறம் வெட்டிக் குடுத்தான்."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"பத்து காலேஜ் பசங்க வர எடம். மாறிப் போயிட்டா?" பாலை ஆற்றினாள். "அதுவும் இல்லாம, நீ வாசிக்கறச்சேல்லாம் எதுத்தாத்து காமு மாமி, மோட்டாரை அணைக்க மறந்துட்டேளான்னு கேப்பா. இந்த வாரம் கேக்கவே இல்லை. சரி, இதுதான் இவன் கைக்கு ஒத்துண்டிருக்குன்னு நெனச்சேன். அதான் வெட்டச் சொல்லிட்டேன்."

காபியை நீட்டினாள். புது டம்ளர். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக அவன் பெயர், அதே கோணல் 'ஷ'.

"பாண்டிச்சேரிக்குப் போகணும்னு சொல்லிண்டிருந்தியே, அதுக்கு எவ்வளவுடா வேணும்?"

"நான் போகலைம்மா."

"ஏன்?"

"பிராக்டிஸ் இருக்கு."

அப்படி ஒன்று அவனுக்கு இதுவரை இருந்ததில்லை. அம்மா நம்பினாள். டம்ளர் கையைச் சுட்டது. கேஷவ் பெயர் இருந்த பக்கத்தை விரல்களால் மூடி, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.