பச்சைக் கோப்பைக்கு இரண்டு மதிப்பெண்

மைக்செட்காரரை ஊரே 'ஹலோ' என்றுதான் கூப்பிடும். மைக்கைத் தட்டித் தட்டி 'ஹலோ, ஹலோ' என்று சொன்னதில் ஒட்டிக்கொண்ட பெயர். இதில் ஒரே தொல்லை, போனில் யாராவது 'ஹலோ' என்றால் அது வணக்கமா, தன்னைக் கூப்பிடுகிறார்களா என்று அவருக்கே புரியாது.

உணவுத் திருவிழா மைதானத்தில் அன்று காலையிலிருந்து அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேடையில் குழந்தைகளின் பட்டாம்பூச்சி நடனம். ஒரு பட்டாம்பூச்சி மைக் வயரில் சிக்கி விழுந்தது, இன்னொன்று பசிக்கிறது என்று நடுமேடையில் உட்கார்ந்து அழுதது. அதெல்லாம்கூட அவருக்குப் பெரிதில்லை. மதியம் தக்காளி சூப் போட்டி. அதில் அவர் மனைவியும் நிற்கிறாள், அவர் தங்கையும் நிற்கிறாள்.

போன வருஷம் பரிசு தங்கைக்குப் போனது. அன்றிலிருந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம், "அண்ணி, சூப்ல ஏதாவது சந்தேகம்னா கூச்சப்படாம கேளுங்க" என்பாள். அண்ணியும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். நாத்தனார் படி இறங்கிய பிறகு சமையலறையில் பாத்திரங்கள் பேசும்.

போட்டி தொடங்கும் நேரத்தில் ஒரு நடுவரைக் காணோம். பேக்கரிக்காரர் அவர். காலையிலிருந்து எல்லாக் கடையிலும் ஓசியில் ருசி பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாராம். விழாத் தலைவர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஹலோதான் கண்ணில் பட்டார்.

"யாரு சூப் எதுன்னு உங்களுக்குத் தெரியப்போறதில்ல. கலர் கோப்பையிலதான் வரும். சும்மா உக்காருங்க" என்று நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்துவிட்டார்.

விஷயம் மனைவியின் காதுக்கு எட்டியதும், கரண்டியும் கையுமாக மேடைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, இத்தனை வருஷமா என் கையால சாப்பிடறீங்க. எதை வெச்சாலும் 'பரவாயில்ல'ன்னு ஒரே வார்த்தை, அதுவும் போனைப் பாத்துக்கிட்டே. போகட்டும். இன்னைக்கு என் சூப் எதுன்னாவது தெரியுமில்ல?"

"வாயில வெச்சதும் சொல்லிடுவேன்" என்றார் ஹலோ, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

"தெரியலேன்னா, நான் யாருக்குதான் சமைச்சேன்னு உக்காந்து யோசிக்க வேண்டியதுதான்." சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

வெள்ளைக் கோப்பையும் மஞ்சள் கோப்பையும் வந்து போயின. ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்து நீலம். ஒரு வாய் குடித்தார். சப்பென்று இருந்தது, உப்பு என்கிற பேச்சே இல்லை. ஹலோவுக்கு உச்சி குளிர்ந்தது. தினமும் வீட்டுத் தட்டில் விழுகிற அதே சப்! யோசிக்காமல் பத்துக்குப் பத்து போட்டார்.

கடைசியில் பச்சை. முதல் வாயிலேயே கண் தானாக மூடிக்கொண்டது. உப்பும் புளிப்பும் மிளகும் அப்படி ஒரு சேர்த்தி. கோப்பையை நக்காத குறை. அப்புறம்தான் பகீரென்றது. இது தங்கச்சியோடதாத்தான் இருக்கும், போன வருஷம் ஜெயிச்ச கையாச்சே! நியாயமாக மதிப்பெண் போட்டால் வீட்டில் குடியிருக்க முடியாது. மனசாட்சியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு போட்டார்.

மற்ற நடுவர்களில் நடன டீச்சர் பச்சையைப் புகழ்ந்து தள்ளினார். பல் டாக்டர் வம்பே வேண்டாமென்று எல்லாருக்கும் ஏழு போட்டுவிட்டார். ஆகவே ஹலோ வைத்ததுதான் சட்டம் என்றாகிவிட்டது. முடிவை அறிவிக்கிற வேலையும் அவருடையதே.

"ஹலோ, ஹலோ! முதல் பரிசு நீலக் கோப்பைக்கு! அந்த நீலக் கோப்பைக்குச் சொந்தக்காரர்..." என்று முழங்கிவிட்டுச் சீட்டின் அடுத்த வரியைப் பார்த்தார். தங்கையின் பெயர்.

"கரண்ட் போயிடுச்சா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

பரிசு வாங்க ஏறிய தங்கை காதோரம் சொன்னாள்: "அண்ணன்னா அண்ணன்தான். அவசரத்துல உப்பு போடவே மறந்துட்டேன், தெரியுமா?"

மேடைக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டி மேல் மனைவி உட்கார்ந்திருந்தாள், மடியில் சூப் பாத்திரம். ஹலோ தயங்கித் தயங்கிப் போனார்.

"உன்னோடது எந்தக் கலரு?"

"பச்சை. எத்தனை போட்டீங்க?"

அவர் இரண்டு விரலைக் காட்டினார். "நம்ம வீட்டுச் சாப்பாட்டுல உப்பே இருக்காதே. அதை வெச்சுத்தான் நீலம்னு நெனச்சேன்."

அவள் மடியிலிருந்த பாத்திரத்தைக் கீழே இறக்கி வைத்தாள். "உங்களுக்கு பிரஷர்னு டாக்டர் சொன்ன அன்னைக்குக் குறைச்சது. சொன்னா மூணு வேளையும் புலம்புவீங்கன்னு சொல்லல. இன்னைக்கு ஊருக்குத்தானேன்னு அளவா போட்டேன்."

"அப்ப நீ என்ன சாப்பிட்டே?"

"ரெண்டு சட்டி வெச்சு யாரு கழுவறது? நானும் அதையேதான்."

ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி கத்துகிற ஹலோ இப்போது குரலைத் தணித்துக்கொண்டார். இத்தனை வருஷம் தன் பொருட்டுச் சப்பென்று சாப்பிட்டவளுக்கு இரண்டு மதிப்பெண் போட்டுவிட்டு நிற்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

"தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சுடு" என்றார்.

அவள் போனைக் கையில் எடுத்தாள். அதிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "பரவாயில்ல."