குதிரைவால் பூண்டு

குளிர்காலத் தொடக்கத்தில் வரும் புனித மார்ட்டின் திருநாளுக்கு முந்திய நாள் காலையில், ரைன் ஆற்றினின்று எழுந்த வெண்பனி கரைமதிலைத் தழுவி, கோபுர முகடுகளை விழுங்கி, எம் தெருக்களில் மெல்லப் பரவி நின்றது. விருந்துக்கென ஈயத் தட்டுகளைத் துலக்கும் ஓசை எழாத வீடில்லை.

அறிவுடையீர், அத்தெருக்களுள் ஒன்றின் கோடி வீட்டில் லியன்ஹார்ட் என்னும் பெரியவர், செடிகொடிகளையும் ஆற்றுமீன்களையும் இளமையெல்லாம் ஆராய்ந்து, பின்னர் உழவர் ஏர்முனையில் அகப்பட்ட உரோமப் பழங்காசுகளைத் திரட்டி, எக்காசு எவ்வரசனுடையதென வகுத்து, கண்ணொளி மங்கிய முதுமையிலும் விரல் நுனியால் அவற்றின் எழுத்துகளைத் தடவிப் படித்து வாழ்ந்தார். அவருக்கு எஞ்சிய ஆசை ஒன்றே: நகரவை அக்காசுகளைச் சிதறாமல் ஏற்றுக் காக்க வேண்டும். இல்லையேல் அவர் கண்மூடியதும் உறவினர் அவற்றை மணி வார்ப்பவனிடம் எடைக்குப் போட்டுவிடுவர். எம் ஊராரை எனக்குத் தெரியாதா?

அன்று நகரவை உறுப்பினர் ஹைன்ரிக் காசுகளைப் பார்வையிட வருவதாக இருந்தது. பெருமகன் வரும் வேளையில் காசெல்லாம் பச்சைக் களிம்பேறிக் கிடப்பதைப் பொறாத தங்கை வெரேனா, அண்ணன் எழுமுன்னரே, தட்டுகளோடு அவற்றையும் புளிங்காடியில் ஊறவைத்து, ஆற்றங்கரையில் முளைக்கும் சொரசொரப்பான செடியாகிய குதிரைவால் பூண்டின் உலர்ந்த தண்டால் தேய்தேய் என்று தேய்த்து, பட்டுத்துணியில் அழகாக அடுக்கி வைத்தாள்.

வந்தவர் ஒரு காசை எடுத்ததும் முகஞ்சுளித்தார்.

"என்னய்யா இது, நேத்து வார்த்ததா? ஆயிரம் வருசத்துப் பச்சை எங்க போச்சு? இதைச் சபையில வெச்சா என்னைப் பாத்தில்ல சிரிப்பாங்க!"

அவர் போனபின் லியன்ஹார்ட் காசுகளை ஒவ்வொன்றாகத் தடவினார். முகமில்லை, எழுத்தில்லை, வழவழப்பே இருந்தது.

"என்னம்மா செஞ்சே வெரேனா?"

"நீங்கதானே அண்ணே சொன்னீங்க, உலோகம் துலக்கக் குதிரைவால் பூண்டுக்கு ஈடே இல்லேன்னு? நம்ம வீட்டுக்குப் பெருமையா இருக்கட்டும்னு செஞ்சேன்."

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன்."

அதன்பின் அவர் எக்காசையும் தொடவில்லை. பனிக்காலம் முடியுமுன் இறந்தார். காசுகள் உருகி மணியாயின. அவர் உலரவைத்துத் தொகுத்த செடிகளைப் பூச்சி அரித்தது. நெஞ்சு பொறுக்கவில்லை எனக்கு. ஆண்டுதோறும் திருநாள் நெருங்குகையில் எம் ஊர்ப் பெண்கள் ஆற்றங்கரைக்குச் சென்று, தட்டுத் துலக்கக் குதிரைவால் பூண்டைக் கட்டுக்கட்டாய் அறுத்து வருகிறார்கள். அவர் கற்ற அத்தனை கல்வியிலும் எம் ஊரில் மிஞ்சியது அதுதான்.