கம்பியறுந்த மணிகள்

ஹார்ன்லி மாளிகையின் மணிக் கம்பிகளை 1949 ஏப்ரலில் அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்; அக்டோபரில் வகுப்புகள் தொடங்கியதும் மணிகள் வழக்கம்போல் அடித்தன.

கடைசி டியூக் வரி கட்ட முடியாமல் மாளிகையைப் பல்கலைக்கழகத்துக்கு விற்றபோது, மான்கள், ஏரி, அறுபது அறைகள் ஆகியவற்றோடு பணிப்பெண் எட்னா டகிலும் கைமாறினாள். கம்பி இருந்தவரை, அறையில் கயிற்றை இழுத்தால், சுவருக்குள் ஓடும் கம்பி கீழே சமையலறை நடைவழிப் பலகையில் அந்த அறைக்குரிய மணியை ஆட்டும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு குரல். ஒலி அடங்கிய பிறகும் மணியைத் தாங்கும் சுருள்வில் சற்றுநேரம் நடுங்கும். தாமதமாகத் திரும்பிப் பார்த்தாலும் எந்த அறை என்று தெரிந்துவிடும். டியூக் காலத்தில் மணி அடித்தால் யாருக்கோ தேநீர் வேண்டும். இப்போது யாருக்கோ பாடம் புரியவில்லை. இரண்டே வாரத்தில் எட்னா இதைக் கண்டுகொண்டாள். மாடியேறிக் கதவைத் தட்டி, "இங்க யாருக்கோ புரியலையாம் சார்" என்பாள். ஆசிரியர் முதலிலிருந்து தொடங்குவார், மணி ஓயும். தேர்ச்சி விகிதம் ஏறியது, எட்னாவின் முழங்கால் தேய்ந்தது.

டியூக்கின் பில்லியர்ட்ஸ் அறையில் வெப்ப இயக்கவியல் நடத்திய பேராசிரியர் கிராப்ட்ரீக்கு மட்டும் பதினோரு வருஷமாக மணி ஓயவே இல்லை. மணிப்பலகையையும் அதைக் கவனிக்கும் பணியிடத்தையும் நீக்கச் சொல்லி அவர் மனு எழுதினார். வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கும். வேலை போனால் குதிரை லாயத்து மாடியறையும் போகும். எட்னாவுக்கு வேறு வீடில்லை.

வியாழன் மதியம் மாணவர்கள் எல்லாரும் கிரிக்கெட் பார்க்கப் போயிருந்தார்கள். பில்லியர்ட்ஸ் அறை மணி அடித்தது. எட்னா கையிலிருந்த தேநீர்க் கோப்பையோடு மாடியேறினாள்.

"கூப்டீங்களா சார்?"

"நான் எங்க கூப்பிட்டேன்? இங்க யாருமே இல்ல, பாருங்க."

"பாத்தேன் சார். நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

கிராப்ட்ரீ நாற்காலியை நகர்த்தி அவளை உட்காரச் சொன்னார். கரும்பலகையில் முதலிலிருந்து எழுதினார். மூன்றாவது வரியில், "அது ஏன் அப்படி?" என்றாள் எட்னா.

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"கீழ இன்னும் அடிக்குது சார்."

அவர் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார். ஐந்தரைக்கு மணி நின்றது. ஆறிப்போன தேநீர் தானாகச் சூடாகாதது ஏன் என்று அப்போது இருவருக்குமே புரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அந்த மனு கூட்டத்துக்கு வரவில்லை. அடுத்த ஆண்டுமுதல் ஐம்பது நிமிட வகுப்பு அறுபது நிமிடமானது. கூடுதல் பத்து நிமிடம் மணிக்காக. ஆசிரியர்கள் தனியாக இருக்கும் அறைகளிலிருந்து மணி அடித்தால் எட்னா அவசரப்படுவதில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.