நடுகல்லுக்கு மஞ்சள் கோடு

லாவண்யாவின் அப்பா மூர்த்திக்கு எதைப் பார்த்தாலும் சுற்றி ஒரு மஞ்சள் கோடு போட்டாக வேண்டும். ஓசூர் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். தரையில் கோடு, கோட்டுக்குள் பொருள், பக்கத்தில் பொறுப்பாளர் பெயரும் படமும் போட்ட போர்டு. அதுதான் அவர் படித்த வேதம். பாகலூர் வீட்டில் கேஸ் சிலிண்டரைச் சுற்றிக்கூடக் கோடு உண்டு. சிலிண்டர் கோட்டைத் தாண்டி நின்றால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவரிடம் போய், "ஏரிக்கரை நடுகல்லைப் பத்தி வெப்சைட் பண்றோம்ப்பா, ஆனா கல்லு ஒரே அழுக்கா இருக்கு" என்று வாயைக் கொடுத்தது லாவண்யாவின் தப்புதான்.

மாவட்ட அளவில் பள்ளிகளுக்கான வரலாற்றுப் போட்டி அது. முதல் பரிசு லேப்டாப். பத்தாவது படிக்கும் அவளும் வகுப்புத் தோழன் வெஸ்லினும் கீறல் விழுந்த ஒரு போனில், கட்டைவிரல் தேயத் தேய அந்த வெப்சைட்டைக் கட்டியிருந்தார்கள். ஊர் மாட்டைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரனின் கல். கையில் வில், காலடியில் மாடு. அவன் பெயர் இருந்த வரி மட்டும் மழையில் தேய்ந்து போயிருந்தது. லேப்டாப் வந்தே தீரும் என்று லாவண்யா அதற்குப் பையே பார்த்து வைத்துவிட்டாள்.

மாணவர்கள் கல்லோடு நிற்கும் போட்டோ கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை வெஸ்லின் சர்ச் முடிந்து வந்ததும் இருவரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். கல் அடையாளமே தெரியவில்லை.

வீரனுக்கு சில்வர் பெயிண்ட். மாட்டுக்கு வெள்ளை. சுற்றிலும் கோணாமல் மஞ்சள் கோடு. பக்கத்தில் போர்டு: 'நடுகல். பொறுப்பாளர்: மூர்த்தி, பி ஷிப்ட்.' போர்டில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா வீரனுக்கு மீசை வேற வெச்சு உட்டிருக்காரு பாரு" என்றான் வெஸ்லின்.

வீட்டில் அப்பா வாசலிலேயே காத்திருந்தார். "எப்டி கண்ணு இருக்குது? நேத்து லீவு நாளு பூரா அங்கதான் இருந்தேன்" என்றார். லாவண்யா கத்தத்தான் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும், "நல்லாருக்குப்பா" என்று மட்டும்தான் வெளியே வந்தது.

கல்லோடு நின்று எடுத்த போட்டோவில் போர்டு இருந்த ஓரத்தை வெட்டிவிட்டு, வெஸ்லின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

போட்டி கிருஷ்ணகிரியில். மகளின் நிகழ்ச்சி என்று மூர்த்தி லீவு போட்டு வந்தது அதுதான் முதல் தடவை. கம்பெனி யூனிஃபார்மிலேயே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நடுவர் சுமலதா கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். "வந்ததுலயே உருப்படியான சைட் இதுதான்" என்று அவர் சொன்னபோது லேப்டாப் லாவண்யாவின் மடிக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. அப்புறம் அந்தப் படம் திரையில் வந்தது.

"கல்லைச் சுத்தி என்னம்மா கோடு?"

"நிழலு மேடம்" என்றான் வெஸ்லின்.

"நாலு பக்கமுமா நிழல் விழும்?"

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "நிழலு இல்லீங்க மேடம், பெயிண்ட்டு. நாந்தான் அடிச்சேன்" என்று மூர்த்தி கையைத் தூக்கினார். "கலர்ல காட்டச் சொல்லுங்க, இன்னும் நல்லாருக்கும்."

மண்டபமே சிரித்தது. பாராட்டு என்று நினைத்து அவரும் சிரித்தார். சுமலதா சிரிக்கவில்லை. "பழைய கல்லுல பெயிண்ட் படவே கூடாதுங்க. இனி அதைச் சுரண்டிக் கிரண்டியும் வைக்காதீங்க. தொல்லியல் துறை அனுமதி இல்லாம ஒரு விரல்கூட வைக்கக் கூடாது."

தூக்கிய கை மெல்லக் கீழே இறங்கியது.

"இது உங்களுக்குத் தெரிஞ்சு நடந்ததா?" என்று சுமலதா பிள்ளைகளைக் கேட்டார்.

"புள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் மூர்த்தி முந்திக்கொண்டு. "அவங்க மார்க்கைக் கொறைச்சிராதீங்க."

லாவண்யா தலையாட்டியிருந்தால் போதும், லேப்டாப் அவளுக்குத்தான். ஆனால் கூட்டத்தின் நடுவே அப்பா ஒற்றை ஆளாக நின்றதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. நாலு நாள் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"பெயிண்ட் அடிச்சது முன்னாடி தெரியாது மேடம். ஆனா போட்டோ எடுக்கறப்போ தெரியும். அவரு நல்லதுன்னு நெனச்சு அடிச்சாரு, போர்டு வெச்சுப் பேரும் போட்டாரு. அதை வெட்டி மறைச்சது நாங்கதான்."

லேப்டாப் காவேரிப்பட்டினத்துப் பள்ளிக்குப் போயிற்று. "கலர் படத்தைப் போடு, நடந்ததையும் எழுது. அதுவும் அந்தக் கல்லோட வரலாறுதான்" என்றார் சுமலதா. திரும்பி வரும் பஸ்ஸிலேயே லாவண்யா எழுதி ஏற்றினாள்: 'இந்த ஆண்டு, பாகலூர் மூர்த்தி இந்தக் கல்லுக்குப் பெயிண்ட் அடித்தார்.' மூர்த்தி போனை வாங்கி மூன்று தடவை படித்தார். "எழுத்துப்பிழை இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா ஜோதிமணி வெப்சைட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாட்டை மீட்டுச் செத்தவன் பேரு போச்சு. பெயிண்ட் அடிச்ச மனுசன் பேரு நின்னுருச்சு."

மறுநாள் மூர்த்தி ஏரிக்கரைக்குப் போய் போர்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். மஞ்சள் கோட்டை மட்டும் தொடவில்லை. அதற்குத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும்.