வாய்தா தவறாதவர்

பூட்டுக்காரரைத் தெரு கூடி அடித்துக் கொன்றது ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் நீதிமன்றத்தில் ஆஜரானது அந்த வாரமே வியாழக்கிழமை. இடையில் புதன்கிழமை முழுவதும் மருத்துவமனைச் சவக்கிடங்கில், கால் கட்டைவிரலில் அட்டை கட்டப்பட்டு, முறைப்படி பிணமாகத்தான் கிடந்தார். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

எல்லாம் பாட்டு டீச்சரால் வந்தது. மாடி வீட்டில் தனியாக இருந்தவர், தெருவில் பாதிப் பேருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர், ஒரு காலையில் கழுத்து நெரிபட்டுக் கிடந்தார். கதவு உடைபடவில்லை, பூட்டும் உடைபடவில்லை. உடைக்காமல் பூட்டைத் திறக்க யாரால் முடியும்? மத்தியானத்துக்குள் தெருவுக்கு விடை தெரிந்துவிட்டது. தீர விசாரிப்பதே மெய் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்தவர்கள்தான், மார்க்கும் வாங்கியவர்கள்தான். போலீஸ் பூட்டுக்காரரைப் பிடித்தது, நீதிமன்றம் ஜாமீனில் விட்டது. ஜாமீன் என்றால் தப்பவிடுவது என்று தெரு புரிந்துகொண்டது. அவர் கடை ஷட்டரைப் பாதி தூக்குவதற்குள் வந்துவிட்டார்கள்.

வெறுங்கையோடு வந்தவர்களுக்கு அவருடைய சாமான்களே போதுமாக இருந்தன. கறிக்கடைக்காரர் சுத்தியலை எடுத்தார், தையல்காரர் அரத்தை எடுத்தார். பழைய சாவிகள் கோத்த வளையத்தை ஐஸ்காரர் சுழற்றி அடித்ததில் பூட்டுக்காரரின் தாடை கழன்று தொங்கியது. ஆனால் முதல் உதை விட்டது இவர்களில் யாரும் இல்லை, அவர் மனைவியின் சொந்தத் தம்பி. மாமாவோடு தன்னையும் சேர்த்துவிடுவார்களோ என்ற பயம் அவனுக்கு. பயந்தவன் உதைக்கு எப்போதும் பலம் அதிகம். விலா எலும்பு ஒடிந்த சத்தம், ஷட்டரைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்த அக்காவுக்குக் கேட்டது. டீச்சரை நினைத்து அழுதுகொண்டேதான் எல்லோரும் அடித்தார்கள், அதையும் சொல்லவேண்டும். மூச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அடித்தார்கள்.

சவக்கிடங்கில் வக்கீல் பூட்டுக்காரரின் மனைவியிடம் சட்டத்தைச் சொன்னார். செத்தவர்மேல் வழக்கு நடக்காது. அப்படியே முடித்துக் கட்டிவிடுவார்கள். குற்றவாளி என்றும் எழுதமாட்டார்கள், நிரபராதி என்றும் எழுதமாட்டார்கள். ஊர் வாயில் கொலைகாரனாக இருந்தவர் கடைசிவரை ஊர் வாயிலேயே இருப்பார். அவள் அதற்குத்தான் முதன்முதலாக வாய்விட்டு அழுதாள். அப்போது பூட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். தாடையை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"பேரு இப்படிக் கெட்டுக் கெடக்கறப்ப நான் எப்படிப் படுக்கறது? சட்டையை எடு."

நீதிமன்றத்தில் பெயரைக் கூப்பிட்டதும் கூண்டில் ஏறி நின்றார். நாடி இல்லை, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்று டாக்டர் சாட்சி சொன்னார். நாடி இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, கூப்பிட்டால் வரவேண்டும் என்றுதான் இருக்கிறது என்று நீதிபதி சொல்லி, அடுத்த வாய்தா போட்டார். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், நேரில் ஆஜர் என்று எழுதியாகிவிட்டது. அன்று சாயங்காலமே போலீஸ் நிலையத்தில் தெருக்காரர்கள்மேல் இருந்த கொலை வழக்கை அடிதடி வழக்காக மாற்றி, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கொலையுண்டவர் பஸ் ஏறிக் கோர்ட்டுக்கு வந்து போகும்போது கொலை என்று எப்படி எழுதுவது?

தெருவுக்கு விஷயம் மெல்லத்தான் உறைத்தது. பூட்டுக்காரர் நடமாடும்வரை அவர்கள் கொலைகாரர்கள் இல்லை. அதற்குப் பிறகு அவரை அவர்கள் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டதைப் போலப் பெற்ற பிள்ளைகள்கூடப் பார்க்கமாட்டார்கள். தாடையையும் அரம் கிழித்த வயிற்றையும் தையல்காரர் மெழுகு நூலால் தைத்தார். பிரிந்தால் மறுபடி தைத்தார். கறிக்கடைக்காரர் தன் குளிர் அறையில் ஒரு கட்டில் போட்டுக்கொடுத்தார். வாய்தா நாளில் ஐஸ்காரர் உடைத்த ஐஸைச் சாக்கில் கட்டிச் சட்டைக்குள் வைத்து அனுப்பினார். அது உருகி அவர் உட்காரும் பெஞ்சுக்கு அடியில் தேங்கும். கோர்ட் சிப்பந்தி முணுமுணுத்துக்கொண்டே துடைப்பார். ஒரே நாளில் தூக்கில் போடு என்று கத்திய தெரு இப்போது இன்னும் ஒரு வாய்தா, இன்னும் ஒரு வாய்தா என்று வேண்டிக்கொண்டது. நீதிமன்றம் அந்த வேண்டுதலைக் கேட்காமலே நிறைவேற்றி வந்தது. வருஷங்கள் போயின.

வேறு தெருக்களில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் இல்லை. நெருப்பில்லாமல் புகையுமா என்று அவர்கள் இருந்தார்கள். ஒருமுறை கோர்ட் படிக்கட்டில் மறித்து, பூட்டுக்காரரின் இடது கையைத் தோளோடு பிடுங்கிவிட்டார்கள். கூட வந்த தையல்காரரும் ஐஸ்காரரும் அவர்கள்மேல் பாய்ந்தார்கள். படியெல்லாம் ரத்தம், பற்கள், செருப்புகள். தையல்காரருக்குக் கண் ஒன்று போனது. மிச்சமிருந்த கண்ணை வைத்துக்கொண்டு அன்றே கையைத் தைத்துக் கொடுத்தார். அது கொஞ்சம் கோணலாக அமைந்துவிட்டது.

கடைசியில் டீச்சரின் அண்ணன் மகன் வேறொரு வீட்டில் ஒரு கிழவரின் கழுத்தை நெரிக்கும்போது கையும் களவுமாக மாட்டி, அத்தையைக் கொன்றதையும் சேர்த்து ஒப்புக்கொண்டான். பூட்டைத் திறக்கவே தேவைப்படவில்லை என்றான். அது கெட்டுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டுக்காரர் மறுநாள் வந்து சரிசெய்வதாகச் சொல்லியிருந்தாராம்.

தீர்ப்புக்கு நாள் குறித்தார்கள். அன்று காலை அவள் கணவரின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி வந்து வாசலில் நின்றான். மாமா இன்று போகாவிட்டால் தள்ளிவைப்பார்கள், நீ சொன்னால் கேட்பார் என்றான்.

"தீர்ப்பு வந்தா மாமா படுத்துடுவாருக்கா. அவரு படுத்தா நான் கொலைகாரன்."

அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. கோணல் கையும் தையல் போட்ட வாயுமாக அந்த மனுஷர் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால்கூடப் போதும் என்று அவளுக்கு இருந்தது. தூக்கி வளர்த்த தம்பியும் வெளியில் இருப்பான். இஸ்திரிப்பெட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். சட்டையின் முதுகில் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எடுத்தாள். பிறகு வேறு சட்டை எடுத்துத் தேய்த்தாள்.

நிரபராதி என்று நீதிபதி வாசித்தார். "சரிங்கய்யா," என்று பூட்டுக்காரர் கூண்டிலிருந்து இறங்கி, மனைவியைப் பார்த்துத் தலையசைத்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பெஞ்சில் படுத்தார். இத்தனை வருஷம் காத்திருந்த அடிகள் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கின. விலா மறுபடி ஒடிந்தது, தாடை கழன்றது, மண்டை பிளந்தது, தையல்கள் தெறித்தன. ரத்தம் வக்கீல்களின் மேசைக்கால் வரை போனது. எதிரி இறந்தார் என்று எழுதி, அங்கேயே தெருக்காரர்களைக் கைது செய்தார்கள்.

தம்பியை வண்டிக்குக் கொண்டுபோகும்போது வெளியே கூட்டம் கல்லோடு நின்றது. ஊர் முழுக்க இப்போது பூட்டுக்காரர் பக்கம். ஒரு அப்பாவியைக் கொன்றவர்களைத் தங்களிடம் விடச் சொல்லிக் கத்தினார்கள். முதல் கல் தம்பியின் நெற்றியைக் கிழித்தது. அவள் புடவையெல்லாம் கணவரின் ரத்தத்தோடு வந்து, அவனுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றாள். இரண்டாவது கல்லை அவள் தோள் வாங்கியது.

"இவன் உதைச்சதை நான் கண்ணால பார்த்தேன். கூண்டுல ஏறிச் சொல்லத்தான் போறேன். ஜட்ஜு எழுதற வரைக்கும் இவன் மேல யாரும் கை வெக்கக்கூடாது."

யாரும் கல்லைக் கீழே போடவில்லை, எறியவும் இல்லை. வண்டி போய்விட்டது.

தம்பியின் வழக்கு முதல் வாய்தாவுக்கு வந்த அன்று, அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. அதன் அடியில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்குவதைச் சிப்பந்தி பார்த்தார். அவளைக் காலைத் தூக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, வழக்கம்போலத் துடைத்தார்.