ஸ்டெப்னி இல்லாத ஆட்டம்

பட்டாபிராமனிடம் எதுவும் ஒற்றையாக இருக்காது. கல்கத்தா லேக் கார்டன்ஸ் வீட்டில் இன்வெர்ட்டர் இரண்டு, வாசல் கதவுக்குப் பூட்டு இரண்டு, வெளியே கிளம்பினால் பையில் குடை இரண்டு. மகள் ஹம்சினியின் கல்யாணத்துக்கு நாதஸ்வர கோஷ்டியையே இரண்டாக ஏற்பாடு செய்தவர் அவர். மெட்ராஸிலிருந்து வரும் கோஷ்டியின் ரயில் தாமதமானால் என்ன செய்வது என்று கல்கத்தாவிலேயே இன்னொன்றைப் பேசி வைத்தார். ரயிலோ நேரத்துக்கு வந்து தொலைத்தது. இரண்டு கோஷ்டியும் பந்தலின் இரண்டு மூலையில் உட்கார்ந்து, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே வாசித்ததில், எந்தக் கெட்டிமேளத்துக்குத் தாலி கட்டுவது என்று மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தான்.

"ஸ்டெப்னி இல்லாம நான் வண்டி எடுக்க மாட்டேன்" என்பது அவருடைய வேதவாக்கு.

"ஏதோ என் புண்ணியம், ஆத்துக்காரியை மட்டும் ஒண்ணோட நிறுத்திண்டேள்" என்பாள் கலா.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பிழைப்பு அப்படி. இன்சூரன்ஸ் சர்வேயராக முப்பது வருஷம் எரிந்த கோடவுன்களுக்குள் மூக்கை நுழைத்தவர். மற்றவர்கள் சாம்பலைப் பார்த்து ஐயோ பாவம் என்பார்கள். அவர் மட்டும் நெருப்புக்குச் சற்று முன்னால் அங்கே நின்றது யார் என்று கேட்பார். "தீ தானாப் பிடிக்காது. யாரோ பக்கத்துல நின்னிருக்கா" என்று சொல்லிக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைவார். கலாவும் காபியை நீட்டியபடி, "இன்னிக்கு யார் நின்னா?" என்று கேட்பாள். சந்தேகம் தொழிலாக இருந்தவரை சோறு போட்டது. ரிடையரான பிறகு அது வீட்டு நாய் மாதிரி காலையே சுற்றிச் சுற்றி வந்தது.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு கால்பந்து அணியின் மேல் ஆசை வந்ததுதான் வேடிக்கை. கல்கத்தா மைதானத்துப் பழைய கிளப்பான தக்ஷிணாயன் ஸ்போர்ட்டிங் நாதியற்றுக் கிடந்தபோது, கிளப் பெரியவர்கள் மூன்று வருஷத்துக்கு அணியை அவர் கையில் கொடுத்தார்கள். ஆட்டக்காரர்களைப் பிடிப்பதும் வைப்பதும் அனுப்புவதும் அவர் இஷ்டம். ஒரே ஒரு நிபந்தனை, அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கக் கூடாது. இறங்கினால் அன்றோடு அணி அவரிடமிருந்து போய்விடும். எது எரிந்தால் எவ்வளவு நஷ்டம் என்று பார்க்காமல் அவர் ஆசைப்பட்டது வாழ்க்கையில் இது ஒன்றுதான். மாலையில் மைதானத்தோரம் கிளப்பின் கூடாரமான டென்ட்டுக்குள் நுழைந்து, நனைந்த புல்லும் பூட்ஸும் கலந்த வாடை மூக்கில் ஏறினால், மனிதர் முகத்தில் பத்து வயது குறைந்துவிடும்.

அணி கட்டுவதிலும் அதே ஸ்டெப்னி சட்டம்தான். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு ஆள். இன்று யார் ஆடப் போகிறார்கள் என்பதை ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் சொல்வார். ஆடுகிறவன் ஒரு தப்பு செய்தால் போதும், மற்றவன் கோட்டோரம் குதித்து உடம்பைச் சூடேற்றத் தொடங்க வேண்டும். "பயம் இருந்தாத்தான் ஒழுங்கா ஆடுவான்" என்பது அவர் கட்சி. பயம் இருந்தது, வாஸ்தவம். தக்ஷிணாயன் அதிகம் தோற்கவில்லை, ஆனால் ஜெயிக்கவும் இல்லை. டிரா, டிரா, டிரா என்று நொண்டியடித்து, மூன்றாவது வருஷத்தின் கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றது. வரும் புதன்கிழமை தோற்காமல் இருந்தால் பிழைத்தது. தோற்றால் இறங்க வேண்டியதுதான்.

கோல்கீப்பரும் இரண்டு பேர். ஒருவன் உத்தமன், வட சென்னை வியாசர்பாடிக்காரன், காளிகாட்டில் ஒரு மெஸ்ஸில் தங்கியிருந்தான். இன்னொருவன் நிர்மல், பெஹாலாவில் பிறந்து வளர்ந்த வங்காளிப் பையன். டென்ட்டில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பட்டாபிராமனுக்கு அதைப் பார்க்கப் பரம திருப்தி. போட்டி இருக்கிறது, பொறாமை இருக்கிறது, அப்படியானால் பாதுகாப்பும் இருக்கிறது.

அந்தத் திருப்திக்கு வேட்டு வைத்தது உத்தமனுடைய பூட்ஸ். ஒருநாள் டென்ட் வாசலில் அது கவிழ்ந்து கிடந்தது. அடிப்பக்கம் சிவப்புச் செங்கல் தூள் அப்பியிருந்தது. மைதானத்து மண் கறுப்பு, அதில் செங்கல் தூளுக்கு வழியே இல்லை. பட்டாபிராமன் குனிந்து ஒரு துளி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். உத்தமனுடைய முழங்கையில் புதுச் சிராய்ப்பு வேறு.

"கையில என்னடா?"

"மெஸ்ஸு படிக்கட்டுல வழுக்கிட்டேன் சார்."

படிக்கட்டில் வழுக்கினவனுக்கு பூட்ஸில் எப்படிச் செங்கல் தூள் வரும்? இது கெப்தான் என்று முடிவு கட்டினார். கெப் என்றால், கிளப்போடு ஒப்பந்தத்தில் இருப்பவன் கள்ளத்தனமாகப் பேட்டைப் போட்டிகளில் கைக்காசுக்கு ஆடுவது. பெயரை மாற்றிக்கொண்டு, கல்லும் கண்ணாடித் துண்டும் கிடக்கிற மைதானத்தில் இறங்குவார்கள். கால் ஒடிந்தால் கேட்க நாதி கிடையாது. மாதம் முழுக்க சோறு போடுவது ஓரிடம், காலை உடைத்துக்கொள்வது வேறிடமா என்று பட்டாபிராமனுக்கு வயிறு எரிந்தது.

ஆகஸ்ட் பதினைந்து அன்று பேட்டைக்குப் பேட்டை ஒருநாள் போட்டி நடக்கும். காலையிலேயே காளிகாட் மெஸ்ஸுக்கு எதிர்ச் சந்தில், செம்பருத்தி மாலைக் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அறுபதைத் தாண்டிய மனிதர், ஒரு குடை தலைக்கு மேல், இன்னொன்று கக்கத்தில். கடைக்காரி இரண்டு தடவை மாலை வேண்டுமா என்று கேட்டு அலுத்துப்போனாள். உத்தமன் தோளில் பையோடு வந்து ஆட்டோ ஏறினான். இவர் டாக்ஸி பிடித்துப் பின்னாலேயே போனார். வண்டி பெஹாலாவில் ஒரு சந்து முனையில் நின்றது.

ஊரே திரண்டிருந்தது. மைக்கில் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். மழையில் சேறான மைதானத்தில், பள்ளத்தில் எல்லாம் செங்கல் உடைத்துப் போட்டிருந்தார்கள். பட்டாபிராமன் குடையை மூக்குவரை இறக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார். ஒரு கோலில் உத்தமன் நின்றான். மைக்கில் கத்தியவன் அவனை ராஜு என்று கூப்பிட்டான். அகப்பட்டான் திருடன் என்று மனசுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது.

ஆனால் அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரத்தில் குழம்பிப் போனது. இது அவருக்குத் தெரிந்த உத்தமன் இல்லை. தக்ஷிணாயனில் அவன் கோல் கோட்டை விட்டு நகரவே மாட்டான், கட்டிப்போட்ட கன்றுக்குட்டி போல நிற்பான். இங்கேயோ, உயரப் பந்து வந்தால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்து வந்து குத்தி அனுப்பினான். எதிராளியின் காலடியில் விழுந்து பந்தைப் பிடுங்கினான். சத்தம் போட்டு முன்னால் நிற்கிறவர்களை நகர்த்தினான். இவ்வளவு அழகாக ஒரு கோல்கீப்பர் ஆடி அவர் பார்த்ததில்லை. அவன் தன்னுடைய கோல்கீப்பர் என்பதில் பெருமையும், தனக்கு ஏன் இப்படி ஆடவில்லை என்பதில் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்து, பெனால்டி உதைகளால் தீர்க்கும் டைபிரேக்கருக்குப் போயிற்று. இரண்டு பக்கத்துக் கோல்கீப்பர்களும் ஒரே கோலுக்கு வந்தார்கள். எதிரணிக் கோல்கீப்பர் முகத்துச் சேற்றைத் துடைத்தான். பட்டாபிராமனின் கையிலிருந்து குடை நழுவியது. அவன் நிர்மல்.

டென்ட்டில் முகம் கொடுத்துப் பேசாத இருவரும் இங்கே தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரே கோடவுனில் இரண்டு மூட்டை வைத்தால் இரண்டும் சேர்ந்துதான் எரியும் என்று எத்தனை வியாபாரிகளுக்கு அவர் உபதேசம் செய்திருப்பார்! கடைசியில் வண்டிச் சக்கரமும் ஸ்டெப்னியும் ஒரே ஆணியில் பஞ்சர். இருவரையும் விரட்டினால் புதன்கிழமை கோலில் நிற்க ஆளில்லை, அவரே நின்றால்தான் உண்டு.

குடை இல்லாத தலையை முதலில் பார்த்தவன் உத்தமன்தான். போட்டி முடிந்ததும் நிர்மலை இழுத்துக்கொண்டு நேராக அவரிடம் வந்தான்.

"சார்... நீங்க இங்க..."

"ராஜு, சௌக்கியமா?" என்றார் பட்டாபிராமன்.

உத்தமன் தலையைக் குனிந்தான். "தப்புதான் சார். துட்டுக்காகத்தான் வந்தோம், பொய் சொல்ல மாட்டேன். ஆனா துட்டுக்காக மட்டும் இல்ல. ஒக்காந்தே கெடந்தா கை மறந்து பூடுது சார். உங்க கிட்ட யாருக்கு எப்ப சான்ஸுன்னு எங்களுக்கே தெரியாது."

"அங்க ஏன் முகத்தைத் திருப்பிண்டு உட்கார்றேள்?" என்று வங்காள மொழியில் நிர்மலைக் கேட்டார்.

"சிரிச்சுப் பேசினா நீங்க சந்தேகப்படுவீங்க, காக்கு" என்றான் நிர்மல், காதைச் சொறிந்துகொண்டு. சித்தப்பா என்கிற அர்த்தத்தில் அவரை அவன் காக்கு என்றுதான் கூப்பிடுவான்.

பட்டாபிராமனுக்குச் சுருக்கென்றது. வெளியே காட்டவில்லை. "இன்னிக்குப் பாஞ்சு பாஞ்சு பிடிச்சியே, அதை எனக்கு ஏன்டா ஆடிக் காட்டலை?" என்று உத்தமனிடம் திரும்பினார்.

"கோச்சுக்காதீங்க சார். நம்ம கிரவுண்டுல நான் ஆடறப்ப, சைடுல இவன் குதிச்சிக்கினு இருப்பான். வெளிய வந்து ஒரு பந்து மிஸ் ஆச்சுன்னா என்னைத் தூக்கிடுவீங்க. அத்த நெனச்சா காலு லைன விட்டுப் போவாது. இவன் ஆடறப்பயும் அப்டித்தான்." அவன் கையெடுத்துக் கும்பிடாத குறை. "ஒரே ஒரு மேட்ச்சு சார். புதன்கிழமை என்னை ஆட வையுங்க, இல்ல இவனை ஆட வையுங்க. ஆனா இன்னொருத்தன் அங்க இருக்கக் கூடாது. அப்ப பாருங்க சார்."

நிர்மலும், "உத்தமன் ஆடட்டும். நான் வீட்டிலேயே இருக்கேன், காக்கு" என்றான்.

சேறும் வேர்வையுமாக நின்ற அந்த இரண்டு முகங்களைப் பார்த்தபோது, முப்பது வருஷத்தில் முதல் முறையாக பட்டாபிராமனுக்கு ஒரு வார்த்தையை அப்படியே நம்பிவிடலாம் போல இருந்தது. "சரி. புதன்கிழமை நிர்மல் வரமாட்டான். இது என் வாக்கு" என்றார். உத்தமன் சேற்றுக் கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து கலாவிடம் சொன்னார். "அந்தப் பிள்ளை வாயைத் திறந்து கேட்டிருக்கான். சொன்ன வார்த்தையைக் காப்பாத்துங்கோ" என்றாள் அவள்.

இரண்டு நாள் நிம்மதியாகத்தான் இருந்தார். புதன்கிழமை காலை, பல் தேய்க்கும்போது அந்தச் சந்தேக நாய் மறுபடி காலைச் சுற்றியது. நிர்மல் வேண்டாம் என்று உத்தமன் ஏன் அத்தனை கெஞ்சினான்? இன்று ஒரு ராத்திரி காவல்காரன் வேண்டாம் என்று சொன்ன வியாபாரியின் கோடவுன்தான் அன்று ராத்திரியே எரியும், எத்தனை பார்த்திருக்கிறார்! நிர்மலும் ஏன் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தான்? எதிர் கிளப்காரன் காசு கொடுத்து இரண்டு பேரையும் பிடித்திருந்தால்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நிர்மலுக்கு போன் போட்டார்.

"கையுறையைப் பையில வச்சுண்டு கேலரியில உட்காரு. உத்தமன் கண்ணுல படாதே. சும்மா, ஒரு ஜாக்கிரதைக்கு."

"வேண்டாம் காக்கு. அவன்கிட்ட வாக்குக் கொடுத்திருக்கீங்க" என்றான் நிர்மல்.

"கிளப் என்னுதா, உன்னுதா?"

ஆட்டம் தொடங்கியது. உத்தமன் வெறுமையாக இருந்த கோட்டோரத்தை ஒரு தடவை பார்த்தான், பிறகு இவரைப் பார்த்துச் சிரித்தான். அதன் பிறகு அவன் ஆடியது ஆட்டம். பெஹாலாவில் பார்த்த அதே பாய்ச்சல். டென்ட்டுப் பெரியவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் பட்டாபிராமனின் முதுகில் தட்டி, "இவனை இவ்வளவு நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டார். அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

பின்பாதியில் மழை பிடித்துக்கொண்டது. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். தூரத்திலிருந்து வந்த ஒரு பந்து உத்தமனின் ஈரக் கையில் வழுக்கி, கம்பத்தில் பட்டு அவன் காலடிக்கே திரும்பி வந்தது. கோல் இல்லை. அவன் பந்தை எடுத்து நிதானமாக உதைத்தான். ஆனால் பட்டாபிராமன் அவன் கையையே பார்த்தார். கை வழுக்கியதா, வழுக்க விட்டானா? அவர் கை தானாகவே உயர்ந்து கேலரியைப் பார்த்து ஆடியது.

நிர்மல் வரமாட்டேன் என்று தலையசைத்தான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கையை ஆட்டினார். அவன் தொங்கிய முகத்தோடு இறங்கி வந்து, கையுறையை மாட்டி, கோட்டோரம் குதிக்கத் தொடங்கினான்.

எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து உயர எழும்பி கோலுக்கு நேர் எதிரே இறங்கியது. பாய்ந்து வந்து குத்தினால் ஊரைத் தாண்டிப் போகிற பந்து. உத்தமன் ஓர் அடி எடுத்து வைத்தான். அந்த நேரத்தில் கண் பக்கவாட்டில் போயிற்று. நிர்மலைப் பார்த்தான். எடுத்து வைத்த கால் திரும்பிக் கோட்டுக்கே போனது. எதிராளி ஒருவன், தடுக்க ஆளில்லாமல், தலையால் முட்டி உள்ளே தள்ளினான்.

பிறகு விசில் ஊதும்வரை நடந்தது எதுவும் பட்டாபிராமன் மனதில் ஏறவில்லை. தக்ஷிணாயன் இறங்கிவிட்டது. பெரியவர்கள் அவர் பக்கம் திரும்பாமல் டென்ட்டுக்குள் போய்விட்டார்கள். உத்தமன் மழையில் நடந்து வந்து அவர் முன்னால் நின்றான். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

"அவன் வரமாட்டான்னு சொன்னீங்களே சார்" என்றான். அவ்வளவுதான். நிர்மல் தோளைப் பிடித்து அவனை அழைத்துக்கொண்டு போனான்.

பட்டாபிராமன் வீடு வந்து சேர்ந்தபோது சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். பையில் இரண்டு குடையும் மடித்தபடி இருந்தன. கலா முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். துண்டைக் கொடுத்தாள், காபியை நீட்டினாள். என்ன கேட்பது என்று தெரியாமல், பழக்கத்தில் அந்தப் பழைய கேள்வியே வாயில் வந்தது.

"யார் நின்னா பக்கத்துல?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான்தான்டி" என்றார்.