பவுன்தாய் செருப்பைக் கழற்றிய இடம்

எங்கள் மலையில் மூன்று பாதைகள் இருக்கின்றன. வெளிச்சம் போவதற்குள் மூன்றும் வீடு திரும்பிவிடும். ஒன்று சோலைக்காட்டோடு நின்றுவிடுவது. இன்னொன்று ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிப் போவது. மூன்றாவது இரண்டையும் தாண்டி மேலே புல்வெளி வரைக்கும் போவது. செக்போஸ்ட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருக்கிறோம், வந்ததும் அதில் சுருண்டு படுத்துக்கொள்ளும். புல்வெளிப் பாதைக்கு மட்டும் ஈரம் ஆகாது. சாக்கு விரிக்க வேண்டும்.

அனுப்புவதும் அடைப்பதும் என் வேலை. செருப்பை மாட்டிக்கொண்டு முதல் அடியை எடுத்து வைத்தால் பாதை கிளம்பும். செருப்பைக் கழற்றினால், வந்து சேர்ந்தாயிற்று என்று எடுத்துக்கொண்டு, மேலே நிற்பவர்களையும் தூக்கிக்கொண்டு திரும்பிவிடும். அதற்கு வேறு எதுவும் தெரியாது. ஆகவே நடுவழியில் செருப்பைக் கழற்றக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போர்டு வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். படிப்பதில்லை.

அன்றைக்குப் புல்வெளிப் பாதை மத்தியானமே வந்துவிட்டது. மேலே ஆள் இல்லை. ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் இருந்தது. பவுன்தாயின் செருப்பு.

பவுன்தாய் என் மனைவி. தையில்தான் கல்யாணம் ஆயிற்று. போர்டை முழுதாகப் படித்து, அதில் ஒரு 'ற'கரப் பிழையையும் கண்டுபிடித்துச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். ஆனால் புல்வெளியின் உச்சியில் பாதையோரமாக ஒரு கல் இருக்கிறது. குங்குமம் வைத்து அம்மன் என்று கும்பிடுகிறார்கள். அம்மன் முன்னால் செருப்போடு நிற்க நம் ஆட்களுக்குக் கால் வராது. போர்டாவது, பிழையாவது. பாதையிலேயே செருப்பைக் கழற்றியபடி புல்லில் இறங்கிக் கண்ணை மூடியிருப்பாள். திறந்தபோது பாதை இருந்திருக்காது.

"மதினி நடக்காம இருந்தாச் சரிண்ணே," என்றான் சுருளியாண்டி. ஆற்றுப் பாதையைப் பார்த்துக்கொள்பவன். "ஒரு இடத்துல நிப்பாகளா?"

"நிக்க மாட்டா," என்றேன். வீட்டிலேயே நிற்க மாட்டாள். போன் போட்டுச் சொல்லலாம் என்றால் புல்வெளியில் சிக்னல் கிடையாது.

பாதை இல்லாத இடத்தில் நடந்தால் கால் நடக்கும், ஆள் நகர்வதில்லை. அதோடு போனால் பரவாயில்லை. நடந்த தூரம் வீணாகாமல் காலிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். பிறகு பாதையில் கால் பட்டவுடன் அத்தனையும் மொத்தமாகக் கிளம்பும், முகம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கம். போன வருஷம் ஒரு டாக்டர் கொஞ்ச நேரம் அப்படி நடந்துவிட்டு, எஸ்டேட் ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் நின்றார். நல்லவேளை, அவருக்கு அன்றைக்கு அங்கேதான் டூட்டி. நான் போய்ச் சேருவதற்குள் பவுன்தாய் நெடுந்தூரம் நடந்திருப்பாள். கிழக்கே பார்த்துக் கால் வைத்தால் வீட்டுப் பக்கம். மேற்கே பார்த்து வைத்தால், அங்கே புல்வெளி முடிகிற இடத்தில் மலையும் முடிந்துவிடுகிறது. கீழே மேகம்தான்.

வந்து படுத்த பாதை மறுபடி கிளம்பாது. எந்தச் செருப்போடு வந்ததோ அந்தச் செருப்பு ஏறினால்தான் அசையும். அவளுடைய செருப்பை எடுத்து மாட்டப் பார்த்தேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பது சும்மா இல்லை. வார் விரலை அறுத்தது, குதிகால் பாதிக்கு மேல் வெளியே தொங்கியது. பாதை ஒரு முறை முனகிவிட்டுக் கிளம்பியது.

அலுத்துப்போன பாதை கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குத்தான் முன்னால் விரியும். சோலைக்குள் அது என் மூக்கு நுனிக்கு முன்னால் நின்று நின்று போயிற்று. அட்டைகள் ஏறின. ஒன்று வாருக்கு அடியில் புகுந்து கடித்தது. செருப்பைக் கழற்றி எடுக்க முடியாது. கழற்றினால் கொட்டகையில் இருப்பேன். கடிக்கட்டும் என்று நடந்தேன். ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பாதை தண்ணீரைக் கண்டு தயங்கியது. கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிய பிறகு இறங்கிற்று. எனக்குப் பயமாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை மாதத்தில் அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சேர்ந்தாற்போலச் சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். திட்டாமல் பேசிய நாட்கள் உண்டு, அவ்வளவுதான்.

புல்வெளியில் பனிமூட்டமாக மஞ்சு இறங்கியிருந்தது. கல் தெரிந்தது. அதன் பக்கத்தில் பவுன்தாய் நடந்துகொண்டிருந்தாள். காலுக்குக் கீழே புல் தேய்ந்து மண் தெரிந்தது. முகம் மேற்கே.

"பவுனு! நடக்காத!"

"நிக்க முடியலங்க," என்றாள் நடந்துகொண்டே. "பின்னால மாடு வருது."

காட்டெருமைகள். கிழக்கேயிருந்து மஞ்சுக்குள் கறுப்பாக வந்துகொண்டிருந்தன. காட்டெருமைக்குப் பாதை தேவையில்லை.

"நீ நடந்தாலும் அங்கயேதான் நிக்கிற. நின்னாலும் அதே தூரந்தான். நில்லு."

நின்றாள். எப்படி நின்றாளோ.

ஒரே நாளில் இரண்டாம் முறை வரும் பாதை பழைய இடத்தில் அப்படியே படுக்காது. கல்லிலிருந்து கை எட்டாத தூரம் தள்ளிப் படுத்திருந்தது. ஓரமாகவே நடந்தால் பாதை அந்தப் பக்கம் சாயும். நான் அவளுக்கு நேராக முன்னும் பின்னும் ஓரத்திலேயே நடந்தேன். பாதை கொஞ்சங்கொஞ்சமாகச் சாய்ந்தது. எருமை மூச்சு விடுவது கேட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை, மேற்கே வெறும் மஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. அம்மனிடமாக இருக்கலாம், என்னைத் திட்டியதாகவும் இருக்கலாம்.

பாதை அவள் கால் விரலுக்குப் பக்கத்தில் வந்தது.

"அப்படியே கால வச்சிராத. திரும்பு. மாட்டைப் பாத்துத் திரும்பு."

"மாட்டையா?"

"மாட்டைத்தான். முகத்தைத் திருப்பாம பக்கவாட்டுல கால வை. என் கையப் பிடிச்சுக்க."

திரும்பினாள். முதல் எருமை அவளுக்கு நேர் எதிரே தலையைத் தாழ்த்தியது. அவள் கை என் கைக்குள் வந்தது, ஐஸ் மாதிரி இருந்தது. "விட்ராதீக," என்றாள். விட மாட்டேன் என்றேன். கால் வைத்தாள்.

பிறகு என் கையில் ஒரு வளையல் மட்டும் இருந்தது. எருமைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றன. நடுவில் புல் நேர்க்கோடாகச் சாய்ந்து கிழக்கே போயிருந்தது. கிழக்கே. அதைப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன். செருப்பைக் கழற்றினேன்.

கொட்டகை வாசலில் சுருளியாண்டி சாக்கோடு நின்றிருந்தான்.

"மதினி வந்தாகண்ணே," என்றான். "வீட்டுக்குள்ள போனாக. ஆனா நிக்கல."

வீட்டு முன்கதவு திறந்திருந்தது. கூடத்தில் ஈரமாக ஒரே ஒரு காலடி. கூடத்தைத் தாண்டினால் அடுப்படி இருக்க வேண்டும். அங்கே மலைச்சரிவும் சில்வர் ஓக் மரங்களும் தெரிந்தன. போன் அடித்தது. அவள் நம்பர்தான்.

"எங்க இருக்க?"

"சின்னமனூரு பஸ் ஸ்டாண்டுங்க. தேனி வண்டி நிக்கிற எடம். இப்பத்தான் காலு ஓஞ்சுச்சு."

"அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல. வர்ற வேகத்துல நம்ம அடுப்படி வாசல் நிலையப் பிடிச்சு நிக்கலாம்னு பாத்தேன். அடுப்படியும் கூடவே வந்துருச்சு." பின்னால் குக்கர் விசில் அடித்தது. யாரோ கண்டக்டரின் குரல், தனக்குச் சர்க்கரை வேண்டாம் என்றது. "டீ போட்டுட்டு இருக்கேன். ஆளாளுக்குக் கேக்குறாக, பால் பத்தாது. வர்றப்ப வாங்கிட்டு வாறீகளா?"

அரை லிட்டர் போதுமா என்று கேட்டேன்.